பதியாத கைரேகையும் பெரியண்ணசாமி எண்ணெயும்

போன மாசியில் மிளகு பறிக்கும்போது ஏணி சறுக்கி, என் வீட்டுக்காரர் மரத்திலிருந்து விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. "கால் இருக்கறதே தெரியல புள்ள" என்றார்.

எங்கள் மலைமேல் இருக்கும் செம்மேடு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே கீழே கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பத் திரும்ப அவர் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார். மலையடிவாரம் தாண்டி ஒரு தனியார் ஆஸ்பத்திரி. முதுகெலும்பு முறிந்து நரம்பை அழுத்துகிறது, இன்றைக்கே ஆபரேஷன் செய்தால் நடக்க வாய்ப்புண்டு, தள்ளிப்போனால் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

நாங்கள் தினக்கூலிகள். இன்றைக்கு ஒருவர் தோட்டம், நாளைக்கு இன்னொருவர் தோட்டம். அடிபட்டால் பார்க்க முதலாளி என்று யாரும் கிடையாது. எங்களிடம் இருந்தது அரசு காப்பீட்டு கார்டு ஒன்றுதான். முகாம் போட்டபோது, "எனக்கென்ன நோவா?" என்று முறுக்கிக்கொண்ட மனுஷனை நான்தான் இழுத்துக்கொண்டு போய் எடுக்க வைத்தேன். கார்டைக் காட்டியதும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

கைரேகை பதிந்தால்தான் அனுமதி கேட்க முடியும் என்றாள் காப்பீட்டு கவுன்டர் பெண். மிஷினைக் கட்டிலுக்கே கொண்டுவந்தாள். கட்டைவிரல் பதியவில்லை. மற்ற விரல்களும் பதியவில்லை. காலமெல்லாம் மிளகு உருவி, மரவள்ளி பிடுங்கிய கை. ரேகை தேய்ந்து விரலெல்லாம் காய்ந்துபோயிருந்தது.

"விரலுக்குப் பதிலா கண்ணு பாக்கற மிஷின் ரிப்பேருங்க அக்கா. நாளைக்குத்தான் வரும்" என்றாள்.

நாளைக்கா?

"விடு புள்ள, ஊட்டுக்குப் போயிரலாம்" என்றார் அவர். எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, சாமிமேல்.

மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எங்கள் மலைச்சாமி பெரியண்ணசாமி கோயில் விளக்கு எண்ணெயை ஒரு சீசாவில் எடுத்துப் போவது எங்கள் வீட்டு வழக்கம். நோவு கண்ட இடத்தில் தடவுவோம். அதைத் திறந்து உணர்ச்சியில்லாத அவர் காலில் தடவினேன். எவ்வளவு தடவியும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அழுதுகொண்டே கைகளையும் பிடித்து, விரல் விரலாகத் தேய்த்தேன். "பெரியண்ணா, மலை மேலயே உக்காந்திருந்தா ஆச்சா? ஒருக்கா எறங்கி வா சாமி" என்று வாய்விட்டே திட்டினேன்.

டாக்டர் வந்து நேரம் போகிறது என்றார். நான் அந்தப் பெண்ணிடம், "இன்னொருக்கா வெச்சுப் பாரு கண்ணு" என்றேன். முந்தானையால் எண்ணெயை ஒற்றிவிட்டு அவர் கட்டைவிரலை வைத்தேன். மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது.

அனுமதி வந்தது. சாயங்காலமே ஆபரேஷன் முடிந்தது. சில நாள் கழித்துக் காலில் எண்ணெய் தடவும்போது, "கூசுது, விடு" என்றார். அந்த வார்த்தைக்காக நான் ஆயுசுக்கும் கும்பிடுவேன்.

இப்போது தடி ஊன்றி நடக்கிறார். மரம் ஏறுவதில்லை. கீழே உட்கார்ந்து மிளகு காயவைத்துக்கொண்டு என்னை அதிகாரம் செய்கிறார். வேலைக்குப் போகும் இடமெல்லாம் நான் கார்டு எடுத்தாச்சா, விரல் பதியுதா என்று கேட்டு எல்லோர் உயிரையும் வாங்குகிறேன்.

"காஞ்ச விரல்ல எண்ணெய் பட்டா சிலசமயம் பதியும்ங்க அக்கா" என்று பச்சை விளக்கு எரிந்தபிறகுதான் அந்தப் பெண் சொன்னாள். இருக்கட்டும். அது எனக்குத் தெரியாதே. தெரிந்தவன் ஒருவன் சீசாவுக்குள் உட்கார்ந்து எங்களோடு மலையிறங்கி வந்திருந்தான். நீங்களும் அவனை நம்பிக் கூப்பிடுங்கள். கோபம் வந்தால் திட்டியே கூப்பிடுங்கள், வருவான்.