வாய் திறக்கக் கூடாத வேலை

மீட்புக் குழுவில் எனக்குக் கொடுத்த வேலை மூச்சு விடுவது. நானாக எடுத்துக்கொண்ட வேலை சிரிக்க வைப்பது. கோளாறு முதல் வேலையில்தான் வந்தது.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஏர் பிளாஸ்ட் என்றால் கைக்குழந்தைக்கும் தெரியும். வெகு ஆழத்தில் பாறை பாரம் தாங்காமல் வெடிக்கும். மேலே தொழிலாளர்களின் லயன் வீடுகளில் பாத்திரங்கள் உருளும். பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். நாங்கள் மீட்பு நிலையத்துக்கு ஓடுவோம். வெடித்த இடத்தில் கெட்ட காற்று நிற்கும் என்பதால் முதுகில் ஆக்சிஜன், மூக்கை இறுக்கும் கிளிப், பற்களுக்கு நடுவே ரப்பர் வாய்க்குழாய். போட்டுக்கொண்டால் பேச முடியாது. ஊதுகுழல் ஓசைதான் பேச்சு. உள்ளே வாயைத் திறந்தால் கதை முடிந்தது. வாயால் பிழைக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் உண்டா!

எழுபதுகளின் தொடக்கம். ஒரு வெடிப்புக்குப் பிறகு கற்குவியலுக்கு அடியிலிருந்து ஒருவரைத் தோண்டி எடுத்தோம். கை முதலில் வந்தது. சூடாக இருந்தது, பிடித்துக்கொண்டேன். மீதி ஆள் வெளியே வந்தபோது சூடு இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதப்போவதில்லை. அன்று சாயங்காலமே டீக்கடையைச் சிரிக்க வைத்தேன் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அதன்பின் சின்னச் சத்தம் போதும். ஒருநாள் முகச்சவரம் பாதியில் இருக்கும்போது வீட்டுக்குள் சொம்பு உருண்டது. அடுத்த கணம் ஒரு கன்னம் நுரையோடு தெருவில் நின்றேன். மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது? பூனை தள்ளிச்சுங்க!" லயனே சிரித்தது. நானும் சிரித்தேன். நுரைக்கு அடியில் தாடை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்தது புகைக்கூடம். நிலையத்துக்குப் பின்னால் சுரங்கம் மாதிரியே கட்டிய இருட்டுக் கூடம். வைக்கோலைக் கொளுத்திப் புகை நிரப்பி எங்களைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். உள்ளே போனதும் யாரோ என் கையைப் பிடித்தார்கள். யாரும் பிடிக்கவில்லை, தெரியும். ஆனாலும் வாய்க்குழாயைப் பிடுங்கி எறிந்து, கதவை முட்டித் திறந்து, வெளியே மண்ணில் விழுந்து இருமிக்கொண்டு கிடந்தேன்.

குழுவினர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். "இன்னா ஆக்டிங்பா! கண்ணுல தண்ணிகூட வர வெச்சிட்டான்!" என்றான் எப்போதும் எனக்கு ஜோடியாக உள்ளே வருகிறவன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து, சபைக்கு ஒரு கும்பிடு போட்டேன். டீக்கடையில் கேட்டார்கள் என்று இன்னொரு தடவையும் விழுந்து காட்டினேன். விழ விழ ஒன்று தெளிவாகிக்கொண்டே வந்தது. வைக்கோல் புகையில் பிடுங்கினால் இருமல். கீழே பிடுங்கினால் நான் செத்தேன். என்னைத் தூக்க வருகிறவனும் செத்தான். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் கைதட்டுவார்கள்.

பிறகு ஒரு முற்பகல் தரை குலுங்கியது. சங்கு ஊதியது. ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் இறங்கினோம். நல்ல காற்று முடிகிற இடத்தில், டெலிபோனுக்குப் பக்கத்தில், கெட்ட காற்று வந்தால் முதலில் காட்டிக்கொடுக்கும் குருவியைக் கூண்டோடு வைத்துவிட்டு, குழுவின் கேப்டன் ஒவ்வொருவராகச் சோதித்துக்கொண்டு வந்தார். என் முறை வந்தது.

"அண்ணே, உள்ள போனா நான் புடுங்கிடுவேன்."

ஜோடிக்காரன் சிரித்தான். "ஷோவெல்லாம் மேல போயி வெச்சிக்கலாம், வா நைனா."

"நெஜமாத்தாண்ணே."

"நெஜமாவாம்! டீக்கடையிலயும் இதே மூஞ்சிதான் வெச்சிக்கினு இருந்தான்."

கேப்டன் என்னைப் பார்க்கவில்லை, எதிர்ச்சுவரைப் பார்த்தார். மற்றவர்களின் தொப்பி விளக்கு வெளிச்சம் பாறையில் அமைதியாக நின்றது. என்னுடையது மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. "ஆடாம நில்லு," என்றார். ஆடாமல்தான் நின்றேன். எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுபோனது.

"நீ போன்கிட்ட இரு. நாங்க ஊதுனா மேல சொல்லு. உள்ள மட்டும் வராத."

என் இடத்தில் உபரி ஆளைச் சேர்த்துக்கொண்டு போனார்கள். வளைவில் வெளிச்சங்கள் மறைந்தன. நானும் குருவியும் மிச்சம். அதற்கு ஒரு ஜோக் சொன்னேன். அது கேட்கவில்லை; கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. பாறை அவ்வப்போது தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் போட்டது. உலகத்தில் வேறு யாருமே இல்லை என்று தோன்றியது. உள்ளே போயிருந்தால்கூட இவ்வளவு தனியாக இருந்திருக்க மாட்டேன்.

ஒருவரை உயிரோடு கொண்டுவந்தார்கள். ஜோடிக்காரனும் மற்றவர்களும் ஸ்ட்ரெச்சரைக் கேஜுக்குத் தூக்கிப் போனார்கள். ஜோடிக்காரன் என் பக்கம் திரும்பவே இல்லை. கேப்டன் வாய்க்குழாயைக் கழற்றிவிட்டு என் அருகில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போ."

"போயி இன்னான்னு சொல்றதுண்ணே? எங்க வலிக்குதுன்னு கேட்டா?"

"எங்கன்னு அவங்க சொல்றத கேட்டுக்கினு வா. எனக்கும் அங்கதான்."

சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. எத்தனை நாளாகண்ணே என்று கேட்க வாயெடுத்தேன். டெலிபோன் அடித்தது. எடுத்துக் கேட்டவர், "இன்னும் ஒருத்தன் உள்ள கீறானாம்," என்றார்.

ஜோடிக்காரனும் மற்றவர்களும் கேஜிலிருந்து திரும்பி வந்து, புதுச் சிலிண்டர்களை மாட்டத் தொடங்கினார்கள். அதற்குள் கேப்டன் மூக்கில் கிளிப்பை இறுக்கிக்கொண்டார். ரப்பரைக் கடித்துக்கொண்டார். கேட்க வந்ததைக் கேட்டே விட்டேன். அவர் கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன. பிறகு ஊதுகுழலை எடுத்தார்.