மாமா எழுதிய நுழைவுத் தேர்வு

விண்ணப்பத்துக்காக மாமா எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும் என்பது விதி. பாபநாசம் கடைத்தெரு ஸ்டுடியோவில் மீசைக்கு மை தீட்டி, மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்தபடி உட்கார்ந்திருந்தார். "நெஞ்சு வரைக்கும்தான் விழும், மூச்சு விடுங்கண்ணே" என்று போட்டோக்காரர் சொல்லியும் கேட்கவில்லை. "பாஸ்போர்ட்டுக்கா?" என்றார் அவர். மாமா என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளையும் நானும் டாக்டர் பரீட்சை எழுதுறோம்" என்றார். போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மாமாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது.

அவர் என் அம்மாவின் தம்பி. ப்ளஸ் டூவில் உயிரியல் எடுத்துத் தேறியவர். தேறிய கையோடு துபாய்க்குப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு, ஊர் திரும்பிக் கடைத்தெருவில் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அதற்கு முந்தைய வருடம் நான் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதிக் கோட்டைவிட்டிருந்தேன். படிக்காமல் இல்லை. தஞ்சாவூர் போகிற பஸ் வழியில் நின்றுபோய், கேட் மூடுவதற்குச் சற்று முன்னால்தான் போய்ச் சேர்ந்தோம். தோடு, ஊசி, முக்காட்டில் குத்தியிருந்த பின் எல்லாவற்றையும் அவசரமாகக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தனியாக உள்ளே ஓடினேன். கை நடுக்கம் நிற்கவே இல்லை. இயற்பியல் கேள்விகள் ஏதோ வேற்றுமொழியில் எழுதியதுபோல் இருந்தன. மறுபடி எழுதுவதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதுதான் மாமா வந்து, "இதுக்கு வயசு வரம்பு கெடையாதாம். நானும் எழுதப் போறேன்" என்றார். அத்தாவுக்கு, எங்கள் வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். மறுவாரமே கடையில் கம்ப்ரசர்களுக்கு நடுவே வழிகாட்டிப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அரிசியில் கல் பொறுக்குவதுபோல் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று வருகிற விவசாயிகளிடம், "தவளைக்கு இதயத்துல எத்தனை அறை, சொல்லுங்க" என்று கேட்பார். "எங்க வயல்ல நெறையக் கெடக்கு, புடிச்சாந்து தரவா?" என்றார் ஒருவர். வெப்ப இயக்கவியல் பாடத்தில் மட்டும் அவரை யாரும் அசைக்க முடியாது. புத்தகத்தில் போட்டிருந்த விடையே தவறு என்று இரண்டு நாள் சண்டை போட்டார். "பாலைவன வெயில்ல ஏ.சி.க்கு கேஸ் ஏத்துனவன் சொல்றேன், இது இப்படி வேலை செய்யாது." கடைத்தெரு முழுக்க அவரை 'டாக்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தது. அவரும் கூச்சமில்லாமல் "வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கூடத்தில் மாதிரித் தேர்வு நடக்கும். பாயில் ஒரு மூலையில் நான், எதிர் மூலையில் மாமா. அம்மாதான் கண்காணிப்பாளர். குக்கர் விசில் எண்ணுகிற அதே கவனத்தோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் திடீரென்று மாமாவின் தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏன்டா, பிள்ளை பேப்பர எட்டி எட்டிப் பாக்குற? வெக்கமா இல்ல?" "பாக்கலக்கா, கழுத்து சுளுக்கு." "அந்தப் பக்கம் சுளுக்கிக்க." நான் சிரித்துச் சிரித்துப் பதினைந்து நிமிடத்தை விட்டேன். அன்றைக்குத்தான் முதல் முறையாக என் மதிப்பெண் அறுநூறைத் தொட்டது.

ஹால் டிக்கெட் வந்தது. எனக்குத் தஞ்சாவூர், மாமாவுக்குத் திருச்சி. திரையைப் பார்த்த மாமாவின் முகம் சட்டென்று வாடிப்போனது. "ரெண்டு பேருக்கும் தஞ்சாவூர்தானே முதல்ல கேட்டோம்?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். எதற்கு இவ்வளவு வருத்தம் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாதான் சொன்னாள். "போன வருஷம் நீ கேட்டுக்குள்ள தனியா ஓடுனதச் சொல்லி அழுதல்ல? பெத்தவங்களை உள்ள விட மாட்டாங்க, எழுதுறவங்களைத்தானே விடுவாங்கன்னான். அதுக்குத்தான் பணம் கட்டுனான்."

அன்று மாலை கடைக்குப் போனேன். ஒரு ஃபிரிட்ஜின் முதுகைப் பிரித்துப் போட்டு, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். "நான் திருச்சிக்குப் போகல. ஒங்கூட வந்து வெளியவாவது நிக்கிறேன்" என்றார். "நீங்க எழுதியே ஆகணும் மாமா. ஒரு வருஷம் படிச்சிருக்கீங்க" என்றேன். அவருக்கு அப்படிச் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன். கொஞ்ச நேரம் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தேர்வு நாளில் இரண்டு மணி நேரம் முன்னதாகவே தஞ்சாவூர் போய்விட்டோம். ஆனாலும் வரிசையைப் பார்த்ததும் உள்ளங்கை வியர்த்தது. அப்போது அம்மாவின் கைபேசி அடித்தது. திருச்சியிலிருந்து மாமாதான். என்னிடம் கொடுக்கச் சொன்னார். "இங்க வாட்ச்மேன் என்னய உள்ள விட மாட்டேங்குறான். பெத்தவங்கல்லாம் மரத்தடியில நில்லுங்கன்னு தொரத்துறான். ஹால் டிக்கெட்டக் காட்டுனா, ஒங்க பையனை வரச் சொல்லுங்க, அவன்தான் கையெழுத்துப் போடணுங்குறான்!" பின்னால் யாரோ "ஐயா, நீங்களா எழுதப் போறீங்க?" என்று கேட்பது காதில் விழுந்தது. தோட்டைக் கழற்றும்போதும் சிரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் சோதனை செய்த பெண்மணி, "என்னம்மா, பரீட்சைக்குத்தானே வந்த?" என்றார். என் இடத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் கையைக் கவனித்தேன். நடுங்கவில்லை.

எனக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. தன் மொத்த மதிப்பெண்ணை மாமா யாரிடமும் சொல்லவில்லை. முந்தைய வருடம் இயற்பியலில் நான் வாங்கியதைவிடத் தனக்கு மூன்று மதிப்பெண் அதிகம் என்பதை மட்டும் ஊர் முழுக்கச் சொன்னார். அவருடைய நண்பர்கள் பஸ் ஸ்டாண்டில் வைத்த ஃபிளெக்ஸில் மாமா கோட்டு சூட்டோடு ஆளுயரத்துக்கு நின்றார். நான் கீழ் ஓரத்தில், தபால்தலை அளவில் இருந்தேன்.

இப்போது அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். போன வாரம் மாமாவின் மகள் கூப்பிட்டு அழுதாள். அவள் இந்த வருடம் எழுதுகிறாள். "அக்கா, அத்தாவும் அப்ளிகேஷன் போட்டிருக்கார். மானம் போகுது, நீங்களாவது சொல்லுங்க." பக்கத்திலிருந்து மாமா கைபேசியை வாங்கிக்கொண்டார். "அது கிடக்கட்டும். தாவரவியல்ல ஒரு சந்தேகம். இலைத்துளை பகல்ல தெறக்குறப்ப அந்தக் காப்புச் செல்லுக்குள்ள எந்த அயனி போகுது?" எவ்வளவோ யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. "மறந்துபோச்சு மாமா, பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

மாமா மகள் பக்கம் திரும்பி, சந்தோஷம் தாங்காமல் கத்தியது கேட்டது. "கேட்டியா! டாக்டருக்கே தெரியலயாம். நீ எதுக்குடி பயப்படுற?"