டீச்சரின் காடி நம்பர்

கூலாயில் எங்கள் வீட்டு வாசலில், என் வகுப்பு டீச்சரின் காடி கால்வாயில் இறங்கியபோது முதலில் ஓடியது அம்மாதான். அதை நினைத்துப் பெருமைப்பட எனக்கு அதிக நேரம் கிடைக்கவில்லை.

மழை விட்டிருந்த சனிக்கிழமை மத்தியானம். நாய் ஒன்று குறுக்கே ஓட, டீச்சர் காடியின் ஸ்டியரிங்கை ஒடித்திருக்கிறார். அம்மா கதவை இழுத்துத் திறந்து அவரை இறக்கினார். நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துடைத்து, மருந்து வைத்துக் கட்டி, சீனி தூக்கலாகத் தேநீர் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் டீச்சரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகத் தன் காடியை எடுத்தார். அது கிளம்புவதற்குள் அம்மா கால்வாயோரம் போய்க் குனிந்து, நம்பர் பிளேட்டில் அப்பியிருந்த சேற்றை உள்ளங்கையால் வழித்துவிட்டு, நான்கு எண்களையும் வாய்விட்டுப் படித்தார்.

விபத்தான காடியின் எண்ணுக்கு நான்கு எண் லாட்டரியில் ராசி உண்டு என்று எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லோரும் நம்பினார்கள். இரண்டு மூன்று பேர் கைத்தொலைபேசியில் படமும் எடுத்தார்கள். ஆனால் டீச்சர் காடி ஜன்னல் வழியாகப் பார்த்தது என் அம்மாவைத்தான். பிறகு என்னைப் பார்த்தார்.

அம்மா பக்கத்து ஊரான செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். வாராவாரம் காசு கட்டி நம்பர் எடுப்பார். செத்துப்போன பூனை கனவில் வந்தாலும் அதற்கொரு நம்பர் இருக்கும். காசைக் கால்வாயில் போடுவதுதான் இது என்று அப்பா சொல்லும்போதெல்லாம் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரின் நம்பர் அடித்தது. பெரிதாக ஒன்றுமில்லை. கடைசி வரிசையில் வரும் சின்னப் பரிசு. அதற்கு ஆறுதல் பரிசு என்று பெயர்.

திங்கட்கிழமை அம்மாவுக்கு ஓய்வுநாள். நன்னெறிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டுத் திரும்பினால், பை நிறைய ஆரஞ்சுப் பழங்களோடு அம்மா.

“டீச்சர், உங்க காடி நம்பர் அடிச்சிருச்சு. உங்களுக்கும் பங்கு இருக்குல்ல, அதான் கொஞ்சம் பழம் கொண்டாந்தேன்.”

வகுப்பே சிரித்தது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, இன்றைக்கு என்ன நம்பர் என்று கேட்டான். டீச்சர், நெற்றியில் பிளாஸ்திரியோடு, சற்றுத் தயங்கிவிட்டு இரண்டு கைகளாலும் பையை வாங்கிக்கொண்டார். மருந்து போட்டுவிட்டவருக்குத் தான்தான் பழம் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அம்மா போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை.

மறுநாள் இன்னும் இருட்டு விலகாத வேளையில் தொழிற்சாலை பஸ் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. வழக்கமாக அதற்குள் அம்மா சாப்பாட்டுப் பையோடு கேட்டருகே நிற்பார். அன்று கட்டிலில் கிடந்தார். மறுபடியும் ஹாரன். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்துதான் இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, சம்பளமில்லாத லீவு போட்டிருக்கிறேன் என்றார். பழம் வாங்கியது போக மிச்சமிருந்த பரிசு அந்த ஒரு நாள் சம்பளத்துக்குத்தான் காணும்.

வேலைநாளில் அம்மா இப்படிப் படுத்திருப்பதை பஸ்ஸில் இருக்கிறவர்கள் பார்த்துவிடுவார்களே என்று எனக்குக் கூசியது. ஜன்னலைச் சாத்தப் போனேன்.

“சாத்தாத கண்ணு. நான் ஏறாம அது போறத பாக்கணும்.”

பஸ் கிளம்பியது. அதன் சிவப்பு விளக்குகள் முனை திரும்பி மறையும்வரை அம்மா தலையணையில் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். தினமும் ஏறிப்போகிற பஸ்ஸில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. யாராவது எங்களைக் கவனிக்கிறார்களா என்று நான் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.