ஷூ சைஸைத் திருத்தப் போய்…

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் மதியம் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸில் இருந்ததோ கத்திரிக்காய்க் குழம்பு. அப்படியும்.

காரணம், ஷூ.

ஓசூரில் எங்கள் ஃபேக்டரியில் வருடத்துக்கு ஒரு ஜோடி சேஃப்டி ஷூ தருவார்கள். எனக்கு எட்டு சைஸ். போன வருடப் பட்டியலில் ஏழு என்று விழுந்துவிட்டது. வருடம் முழுக்கச் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டே ஸ்டோர்ஸில் நடந்தேன். பட்டியலை டைப் செய்கிறவர் ஜெசிந்தா மேடம். அவரிடம் சொல்லியிருக்கலாம்தானே? ஒரு பெண்ணிடம் போய் என் காலைப் பற்றி எப்படிப் பேசுவது…

அந்தச் செவ்வாய், புதுப் பட்டியல் ஃப்ளாப்பியில் பெங்களூர் ஹெட் ஆபீஸுக்குப் போகிற நாள். மேடம் கேன்டீனுக்குப் போயிருந்தார். ஃப்ளாப்பி கம்ப்யூட்டரிலேயே இருந்தது. நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால், கேட் பாஸ் அடித்து அடித்து எடிட்டரில் திறக்க, திருத்த, சேவ் செய்யப் பழகியிருந்தேன். திறந்தேன்.

பட்டியலா அது? சிரிக்கும் முகம், சீட்டுக்கட்டு ஆட்டின், அரைக் கட்டம், வளைந்த கோடு… நடுவில் ஒரே ஒரு 7. என்னுடையதுதான் — வேறு யாருக்கு அப்படி ஒரு நிலைமை? அதை 8 ஆக்கினேன். சேவ்.

டிபன் பாக்ஸைத் திறந்தவன் அப்படியே மூடினேன். அது வேறு யாருடைய ஏழாகவோ இருந்துவிட்டால்?

மேடம் வந்ததும் உளறிவிட்டேன். அவர் ஃபைலைப் பிரித்துப் பார்த்தார். பிரியவில்லை.

“அண்ணா, இது ஜிப் ஃபைல். ஃப்ளாப்பில இடம் பத்தாதுன்னு எல்லா லிஸ்டையும் அமுக்கிக் கட்டி வெச்சிருக்கேன். பிரிக்காம உள்ள எதுக்குக் கைய விட்டீங்க?”

“அப்ப எல்லாருக்கும் ஷூ போச்சுங்களா, மேடம்?”

“இருங்க. அசல் லிஸ்ட் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. திரும்ப ஜிப் போட்டாப் போதும்.”

ஃப்ளாப்பியைப் பெங்களூருக்குக் கொண்டுபோகிற டிரைவர் முனியப்பா கதவில் தலையை நீட்டினார். “என்ன சார், ஷூவ இங்கயே தைக்கிறீங்களா? டைம் ஆயித்து.”

மேடம் அசல் பட்டியலைத் திறந்தார். என் பெயருக்கு நேரே — 8. ஏற்கெனவே.

“வருசம் பூரா நொண்டிக்கிட்டுப் போறீங்க. எனக்குக் கண்ணு தெரியாதா, அண்ணா?”

பாருங்கள், நான் பயப்படுகிற விஷயத்தை யாராவது முன்பே சரிசெய்து வைத்திருப்பார்கள். அதைக் கெடுப்பது மட்டும்தான் என் பங்கு.

நேற்று புது ஷூ வந்துவிட்டது. எட்டேதான். கொஞ்சம் லூஸாக இருக்கிறதோ என்பதுதான் இப்போதைய கவலை…