வெள்ளையணு சாப்பிட்ட மதியம்

தஞ்சாவூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்தபோது, சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளையணுக்களுக்குத் தினமும் ஈஸ்ட் வைப்பேன். கிருமியைக் கண்டால் விழுங்க வேண்டிய அணுக்கள் அவை, மந்தமாகக் கிடக்கும். எங்கள் மருந்து அவற்றுக்குப் பசியைத் தூண்டுமா என்பதுதான் ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து போடாத அணுக்களும் தனித் தட்டில் பக்கத்திலேயே இருக்கும். மாதக்கணக்கில் ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. நான் மைக்ராஸ்கோப்பைத் திட்டாத நாளில்லை.

அன்று மதியம் ஒன்று விழுங்கிவிட்டது. சிவப்புச் சாயமேற்றிய ஈஸ்ட் அதற்குள் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்து அணு மூன்றை விழுங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. மன்னார்குடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த என் ஆய்வு கைடுக்குப் போன் போட்டேன்.

"சார், சாப்பிட்டுருச்சு சார்."

"இப்பதாம்மா இலையில உக்காந்தேன். மருந்து போடாத தட்டு என்னாச்சு?"

"அது அப்படியே பட்டினி கிடக்குது சார்."

சாம்பார் வருவதற்குள் எழுந்துவிட்டார் போலிருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் ஆய்வகத்தில் நின்றார், பட்டுவேட்டியோடு. இருவரும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தோம். அவர் வயிறு சத்தமாக உறுமியபோதுதான், மருந்து போடாத தட்டோடு சேர்ந்து நாங்கள் இருவரும் பட்டினி என்பது உறைத்தது.