இருபது கிலோவும் ஒரு தலையணையும்

கல்லூரி நாள்களில் நான் ஏறிய மேடைகளில் தோற்று இறங்கியது குறைவு. இதைத் தற்பெருமை என்று கொள்வோர் கொள்ளட்டும். ஐந்து நிமிடம் தந்தால், எச்சரிக்கை மணி ஒலிப்பதற்குள் எதிரணியின் கருத்தை எடுத்துக்காட்டி, அதை உடைத்து, என் கருத்தை நிலைநாட்டி, வணக்கமும் சொல்லி முடித்துவிடுவேன். பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஆண்டு விழா நடத்துவோர் வீடு தேடி வந்து என்னை அழைத்ததுண்டு. அப்படிப்பட்ட நான், வென்றதற்காக இன்றும் வருந்துகின்ற வாதம் ஒன்று உண்டு. அது நடந்த இடம் அரியலூர் ரயில் நிலையத்தின் சிமெண்டு பெஞ்சு. எதிரணியில் இருந்தவர் என் கணவர்.

அப்போது எங்களுக்குத் திருமணமாகி நாற்பது நாள். அவர் வளைகுடா நாடொன்றில் வெல்டர் வேலை பார்க்கிறார். விடுமுறை முடிந்துவிட்டது, அடுத்த விடுமுறை இரண்டு ஆண்டு கழித்துத்தான். கொண்டுபோக என்ன வேண்டும் என்று கேட்டேன். அதிரசம், பருப்புப் பொடி என்று அடுக்குவார் என எதிர்பார்த்தேன்.

"ஒரு தலகாணி தச்சுக் குடேன்," என்றார். "அங்க குடுக்குறது செங்கல்லு மாதிரி இருக்கு. காலையில எழுந்தா கழுத்து திரும்ப மாட்டேங்குது. மேஸ்திரி கூப்பிட்டா ஒடம்போட திரும்புறேன்."

கேட்டவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கோ அது ஆணை. என் பிறந்த வீடு ரஞ்சன்குடிப் பக்கம். கோட்டைக்குக் கீழே எங்கள் கரிசலில் பருத்தி விளையும். அப்பாவிடம் சொல்லி நல்ல வெள்ளைப் பருத்தியாகப் பொறுக்கி வரச்செய்தேன். மூன்று பகல் உட்கார்ந்து கொட்டை நீக்கினேன்; கோலால் அடித்துப் பொங்கவைத்தேன்; காடாத் துணியில் உறை தைத்து, இறுக்கமும் இல்லாமல் தளர்ச்சியும் இல்லாமல் அடைத்தேன். இலவம்பஞ்சைவிடப் பருத்தி கனம். தலையணை ஒன்றரைக் கிலோ இருக்கும். இரண்டு ஆண்டு என் கை அவர் தலைக்குக் கீழே இருக்கப் போகிறது என்று எண்ணிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

விமானத்தில் இருபது கிலோ பெட்டி ஒன்றும் கைப்பை ஒன்றும் கொண்டுபோகலாம். அதற்குமேல் ஒவ்வொரு கிலோவுக்கும் அவர்கள் கேட்கும் தொகை, ஏழைகள் எட்டிப் பார்க்கக்கூடிய தொகை அன்று. ஆனால் வெளிநாடு போகிறவன் தன் பெட்டியைத் தனக்காக மட்டும் கட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அங்கே பிள்ளைகளை விட்டிருப்பவர்கள் எல்லாரும் பொட்டலத்தோடு வந்தார்கள். ஒருவர் லேகியம், ஒருவர் இரண்டு கைலி, ஒருவர் சத்துமாவு. மீன்சுருட்டியிலிருந்து ஓர் அம்மாள் பஸ் மாறி வந்து நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எதையும் மறுக்க முடியாது. நான் கட்டினேன், பிரித்தேன், மறுபடி கட்டினேன். அவருடைய சட்டைகளில் இரண்டைக் குறைத்தேன். தலையணையைக் குறைக்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தைய நாள், மாமனார் ஆண்டுதோறும் பருத்தி போடும் பெரம்பலூர் மண்டிக்குப் பெட்டியைக் கொண்டுபோனோம். மூட்டை நிறுக்கும் பெரிய தராசு அங்கேதான் இருந்தது.

"என்ன மாமா, இந்த வருசம் பருத்தி தோல்பொட்டியில வருது?" என்று எடை போடுகிறவர் மாமனாரைக் கேலி செய்தார்.

"துபாய்ப் பருத்திடா. ஒழுங்கா போடு."

அவர் கல்லை வைத்தார், எடுத்தார், உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். பிறகு மண்டி முழுவதும் கேட்கும்படி, "இருபது! சுத்தமா இருபது!" என்று கூவினார். என் வாழ்நாளில் வாங்கிய பரிசுக் கோப்பைகளுக்குக்கூட நான் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

மறுநாள் காலை பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் அரியலூர் வந்து இறங்கியபோது, சென்னை ரயிலுக்கு அரைமணி நேரம் இருந்தது. மாமனார் காபி குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். அவர் வேண்டுமென்றேதான் போனார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நாற்பது நாளும் வீடு நிறைய உறவினர். பொது இடத்தில் நாங்கள் இருவர் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. தண்டவாளத்துக்கு அப்பால் சிமெண்டுத் தூசி படிந்த மரங்கள் வெளுத்து நின்றன.

அவர் பெட்டியைப் பார்த்தார். "பார்சல் ஆபீஸ்ல தராசு இருக்கு. ஒரு தடவ போட்டுப் பாத்துட்டு வந்துடட்டுமா?"

"எதுக்குங்க? அதான் நேத்தே போட்டாச்சே."

"இல்லம்மா, அங்க போயி மாட்டிக்கக் கூடாது."

நான் தொடங்கினேன். நாளெல்லாம் நூற்றுக்கணக்கான மூட்டைகளை நிறுக்கும் தராசை நம்பாமல், எப்போதோ ஒரு பார்சல் ஏறும் தராசை நம்புவது எவ்வகை நியாயம் என்று முதலில் கேட்டேன். ஒரு மனிதர் ஊரறியக் கூவிச் சொன்ன எடையைச் சந்தேகிப்பது அவரையே சந்தேகிப்பதாகும் என்பது அடுத்தது. என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். கூடையோடு போன வெள்ளரிப் பிஞ்சுக்காரர் நின்று கேட்டார்.

"ஏம்மா, பொட்டிய எடை போடலாமான்னுதான கேட்டேன்? கோட்டையவா புடிக்கலாம்னேன்?"

"இன்னும் மூணாவது பாயிண்டு இருக்குங்க."

"இருக்கும். ஒனக்கு எப்பவும் மூணாவது ஒண்ணு இருக்கும்." அவர் இரு கைகளையும் தூக்கினார். "சரி, தீர்ப்பு ஒம் பக்கம். போதுமா?"

போதும் என்று சிரித்தேன். ஆனால் மூன்றாவதாக என் நாக்கில் நின்றது வாதமே இல்லை. நீங்கள் எழுந்து போகாதீர்கள், இந்த அரைமணி நேரம் என் பக்கத்தில் இருங்கள் என்பதுதான் அது. ஆயிரம் பேர் முன்னால் தடுமாறாத எனக்கு அந்தச் சிறு வாக்கியம் வரவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல்தான் தராசின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அப்படிக் காப்பாற்றி முடித்தபோது அரைமணி நேரமும் முடிந்திருந்தது. மாமனார் வேகமாக வந்தார், கைகாட்டி இறங்கியிருந்தது. மூவரும் ரயில் ஏறினோம்.

சென்னை விமான நிலையத்தில், வழியனுப்ப வந்தவர்களைக் கம்பித் தடுப்புக்கு இப்பால் நிறுத்திவிட்டார்கள். உள்ளே போன என் கணவர் சிறிது நேரத்தில் பெட்டியோடு திரும்பி வந்தார்.

"இருபத்துமூணு காட்டுது."

"இருக்காது," என்றேன். மாமனார் நெற்றியில் அறைந்துகொண்டார்.

"அட பாவி, கழிவு கழிச்சிட்டான்டா!"

மண்டியில் எந்த மூட்டை ஏறினாலும் சாக்குக்கு, தூசிக்கு, ஈரத்துக்கு என்று மூன்று கிலோ கழித்துத்தான் எடையைக் கூவுவார்கள். முணுமுணுத்தது அந்தக் கழிவைத்தான். வாழ்நாள் முழுக்க அப்படியே பருத்தி போட்டுப் பழகிய மாமனாருக்கும் அன்று அது உறைக்கவில்லை. பெட்டி பருத்தி மூட்டை இல்லை என்பது எடை போட்டவரின் நாக்குக்கும் தெரியவில்லை.

தடுப்போரம் தரையிலேயே பெட்டியைத் திறந்தோம். "அந்த ஊறுகாய எடுத்துடுங்க," என்றேன்.

"அந்தம்மா ரெண்டு பஸ் மாறி வந்துச்சு. நாளைக்கி அது மவன் வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

கையில் வைத்திருக்கும் தலையணையை நிறுப்பதில்லை என்று அங்கே சொல்லியிருந்தார்களாம். அவர் தலையணையை வெளியே எடுத்தார். ஒன்றரைக் கிலோ குறைந்தது. இன்னும் ஒன்றரைக் கிலோ மிச்சம். கைப்பையில் ஊசி நுழைய இடமில்லை. அவர் தலையணையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் சொல்லத் தயங்கியது எனக்குப் புரிந்தது. நானே தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தேன்.

மாமனார் தோள் துண்டை விரித்தார். மூன்று பகல் கொட்டை நீக்கிய பஞ்சு முழுவதும் அதில் விழுந்தது. காலியான உறைக்குள் கைலிகளையும் சட்டைகளையும் சத்துமாவையும் திணித்தோம். என் வளையலில் கிடந்த ஊக்கு மூன்றையும் கழற்றி வாயை மூடினேன்.

"என்னா, பாயிண்டு ஒண்ணும் இல்லியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இல்லை என்று தலையசைத்தேன். மேடு பள்ளமாக வீங்கிய அந்த உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் போனார். கடைசியாகத் திரும்பியபோது கையாட்ட முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

பஞ்சு மூட்டை என் மடியில் ஊர் திரும்பியது.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பெட்டி இருபதில் நின்றது என்றும், எல்லாப் பொட்டலத்தையும் ஒப்படைத்துவிட்டேன் என்றும் எழுதியிருந்தார். 'ஒன் ஒறைக்குள்ள என் சட்டையவே மடிச்சு வச்சுப் படுக்குறேன். காலையில கன்னத்துல பொத்தான் அச்சு. ரூமுல எல்லாரும் சிரிக்கிறானுவ. கழுத்து அப்படியேதான் இருக்கு.'

அதுவரை நீல நிற விமானத் தபால்தாளில்தான் எழுதி வந்தேன். அதற்குள் எதையும் வைக்கக் கூடாது. அன்று தபால் உறை வாங்கினேன். அந்த பெஞ்சில் சொல்ல வராத வாக்கியத்தை, அலங்காரம் எதுவுமின்றி, ஒரே வரியில் எழுதினேன். துண்டிலிருந்து ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்துத் தாளின் மடிப்புக்குள் பரப்பினேன். பெரம்பலூர் தபால் ஆபீசில் அதை நிறுத்தவர், "இன்னும் கொஞ்சம் எடை தாங்கும்மா, வேணும்னா ஒரு பக்கம் கூட எழுதுங்க," என்றார். முள் நின்ற இடத்தை நானே குனிந்து பார்த்துக்கொண்டேன். அங்கேயே உறையைப் பிரித்து இன்னொரு சிட்டிகை வைத்து ஒட்டினேன்.

அவருடைய பதிலில் அந்த வரிக்கு இரண்டே வரி இருந்தது. 'அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. பொட்டிய ஆளுக்கொரு பக்கம் புடிச்சிக்கிட்டு ரெண்டு பேருமாப் போயிட்டு வந்திருப்பம்.'

பார்சல் ஆபீஸ் அந்த பெஞ்சிலிருந்து இருபது அடிதான். இன்றும் அரியலூர் வழியாகச் சொற்பொழிவுக்குப் போகும்போதெல்லாம் அந்த இருபது அடியை நடந்து பார்க்கிறேன்.

பதினோரு கடிதம் போயிருக்கிறது. பஞ்சு உள்ளங்கை அளவு சேர்ந்துவிட்டதாம். சட்டைகளுக்கு மேலே, கன்னம் படும் இடத்தில் வைத்துக்கொள்கிறாராம். இந்த வேகத்தில் தலையணை நிறைவதற்குள் அவரே வந்துவிடுவார். அது எனக்குத் தெரியாததில்லை. ஆயினும் நாளை தபால் நாள். துண்டை அவிழ்த்து வைத்திருக்கிறேன்.