வள்ளத்திலிருந்து இறங்கிய மச்சினர்

நான் விளாத்திகுளம் பக்கத்துச் சம்சாரி, கரிசல் காட்டில் உழுது பிழைப்பவன். கருவாடு வாங்க நானும் என் மனைவியின் அண்ணன் சுப்பையாவும் கடற்கரை ஊரான வேம்பாருக்கு மாட்டுவண்டி கட்டிப் போனோம். அங்கே சாராயம் கிடைத்தது; மதுவிலக்குப் போலீஸ் கடலுக்குள் வராது, அங்கே போய்க் குடிக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். ஒரு வள்ளத்தில் ஏறிக் கடலுக்குள் போய், சாராயப் பாட்டிலைத் திறந்தோம்.

"அண்ணாச்சி, கடல்ல வச்சுக் குடிக்காதிய" என்று வள்ளக்காரர் கெஞ்சினார். நாங்கள் கேட்கவில்லை.

பொழுது சாய்ந்தது. சின்னச் சின்ன அலையோடு தண்ணீர் கறுத்துக் கிடந்தது.

"மாப்ள, உழுதுபோட்ட நம்ம கரிசக்காடு மாதிரில்லா கெடக்கு" என்றார் மச்சினர். நான் சிரித்தேன்.

"ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன். வண்டியப் பிடிச்சுக்கோ" என்றவர், மாட்டுவண்டியிலிருந்து இறங்குவதுபோல நிதானமாகக் காலை வெளியே வைத்து இறங்கிவிட்டார்.

வள்ளக்காரர் குதித்துத் தேடினார். அவர் தோளில் கிடந்த துண்டுதான் கிடைத்தது.

குடியை அன்றே விட்டேன். உழுத காட்டில் இறங்கும்போது, இன்றும் வண்டியைப் பிடித்துக்கொண்டுதான் முதல் காலை வைக்கிறேன்.